கண்ணகை அக்காவின் பத்தியம்

வீட்டுக்குள் வந்ததும் கண்ணகை அக்கா யாரிடமும் சுகம் விசாரிப்பதில்லை. செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, கால் கழுவி, பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்கு நேராகப் போய்த் தலையணைக்கு அடியில் கையை விடுவார். பெற்றவள் தலையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கை வெறுங்கையாக வெளியே வருவது குறைவு. பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், பேப்பரில் சுற்றிய மாங்காய்க் கீறு, புளி டொபி என்று ஏதாவது அகப்படும். களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டில் உருகி வழிந்த ஐஸ்கிரீம் கோப்பையே அகப்பட்டதாம். எடுத்ததைத் பன்புல்லில் இழைத்த தன் பன்பைக்குள் போட்டுக்கொள்வார். திட்டுவதில்லை.

"பசிக்கிறது நல்லம் புள்ள. பசிச்சாத்தான் உடம்பு சொல்லுக் கேக்கும்" என்பார். விசாரணையும் தீர்ப்பும் அதோடு முடிந்துவிடும். அவர் திரும்பிப் போகும் வழியில் அந்தப் பிஸ்கட்டுகள் ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

செட்டிபாளையத்தில் குழந்தை பிறந்த வீடுகளில் முப்பத்தொரு நாள் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு, கழியும் வரை கண்ணகை அக்காவின் ஆட்சிதான். அவர் மருத்துவிச்சி அல்லர். பிரசவம் ஆஸ்பத்திரிக்காரர்களின் பாடு. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த பிறகு இலை போட்டு வெந்நீர் காய்ச்சித் தாயைக் குளிப்பாட்டுவதும், பிள்ளையைக் குளிப்பாட்டித் தூங்கவைப்பதும், பத்தியச் சோறு சமைப்பதும் அவருடைய பாடு. என்னைவிட வயதில் இளையவர். ஐம்பதை இன்னும் தொடவில்லை. ஊர் முழுக்க அக்கா என்பதால் நானும் அக்கா என்றே பழகிவிட்டேன். நெட்டையான, ஒல்லியான பெண். விரல் நுனிகளில் எப்போதும் மஞ்சள் ஏறியிருக்கும். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத மஞ்சள்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கணைக்காலுக்கும் நடுவே குழந்தையைக் கிடத்தி, "என்ன மனே, ஆரோட கோவம்? அப்பாவோடயா? அவர் கட்டார்ல இரிக்கார், இஞ்ச கேக்காது" என்று கதை சொல்லிக்கொண்டே எண்ணெய் தேய்ப்பார். எங்கள் எல்லோருடைய கையிலும் வீறிட்டு அழுத என் பேரன் அந்தக் கால்களின் நடுவே நியாயம் கேட்பவனைப் போல் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அதைப் பார்த்த பிறகு அவரோடு எதற்கும் வழக்காட மனம் வராது.

பத்தியம் என்றால் கிழக்கிலங்கையில் எல்லா வீட்டிலும் உண்டுதான். ஆனால் கண்ணகை அக்காவின் பத்தியம் தனி. மிளகு, சீரகம், இஞ்சி, மஞ்சள், உள்ளிப்பூண்டு எல்லாம் அம்மியில் அரைத்து உருட்டிய காயம் காலையில் ஓர் உருண்டை. பிறகு கொஞ்சச் சோறு, சுட்ட கருவாடு, மிளகு ரசம். பச்சையாக எதுவும் ஆகாது. கீரை ஆகாது, பழம் ஆகாது, பாலும் தயிரும் அறைக்குள் மணக்கவே கூடாது. தண்ணீர் ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மிடறு. அதற்கு மேல் கேட்டால் கிடையாது. தண்ணீர்ச் செம்பை அலுமாரிக்கு மேலே, படுத்திருப்பவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவார்.

என் மகள் நிருஷா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபோது நாங்களும் இந்த ஆட்சிக்குள் வந்தோம். என் மனைவி வதனியும் இதே பத்தியம் காத்தவள்; அவளைப் பார்த்தவர் கண்ணகை அக்காவின் தாய். ஆகவே வீட்டில் எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லை. ஒருநாள் தலையணைக்கு அடியிலிருந்து வந்தது தின்பண்டம் அல்ல, வீடு வீடாக வந்து தாய்மாரைப் பார்க்கும் குடும்பநல மாது கொடுத்த, வெள்ளைக் குளிசைகள் போட்ட மருந்து உறை.

"இது கல்சியம் அக்கா. பால் குடுக்கிற ஆக்கள் கட்டாயம் போடணுமாம்" என்றாள் நிருஷா.

"சுண்ணாம்பு மாதிரி இரிக்கி. வயித்தக் கட்டிப்போடும். துடக்குக் கழியட்டும் புள்ள, மறுகா தாறன்." உறை பன்பைக்குள் போனது.

அதன் பிறகு நிருஷா இரவில் கெண்டைக்கால் பிடித்து எழும்பினாள். விரல் நுனிகள் விறைக்கின்றன, எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாள். பிள்ளையைத் தூக்கும்போது கை நடுங்கியது. "வாதம்" என்று சொல்லிக் காயத்தில் மிளகைக் கூட்டினார் கண்ணகை அக்கா. குளிசையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாமா என்று நான் வதனியிடம் மெல்லக் கேட்டேன். "பொம்பிளையள்ட விஷயத்துக்குள்ள நீங்க என்னத்துக்கு?" என்றாள். வழக்கு அத்தோடு தள்ளுபடி.

அவர் இத்தனை இறுக்கமாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. பத்தியம் பார்க்கப் போகும் ஒவ்வொரு வீட்டிலும் அதை ஒருமுறை சொல்வார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தபோது அவருடைய மூத்த அக்கா அங்கே, வகுப்பறையில், சேலை மறைப்புக்குள் பிள்ளை பெற்றார். பிள்ளை தங்கியது. தாய் தங்கவில்லை. "ஊரூராச் சமைச்ச பருப்பும் சோறும். கண்ட தண்ணி. பத்தியம் தப்பித்தான் போனவ" என்று முடிப்பார். கேட்டிருக்கும் பெண் பேசாமல் காயத்தை விழுங்கிவிடுவாள். தங்கிய அந்தப் பிள்ளைதான் சதீசன். பதின்மூன்று வயதில் அவனைத் தோளில் போட்டுக்கொண்ட கண்ணகை அக்கா பிறகு கல்யாணம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. அவன் அவரைச் சின்னம்மா என்று கூப்பிடுவான்.

சதீசனால்தான் கண்ணகை அக்காவின் வீட்டு வளவுக்குள் குதிரை வந்தது. பாசிக்குடாப் பக்கம் அவன் வேலை செய்த விடுதி நட்டத்தில் மூடப்பட்டபோது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏறி விளையாட வைத்திருந்த சின்னப் பெண் குதிரை கவனிப்பாரின்றி நின்றது. ஒரு நல்ல கிடாய் ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம். அவன் அதைச் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான்.

"இதென்னடா, குட்டியா?"

"இல்ல சின்னம்மா. பெரிசுதான். இந்தச் சாதி இதுக்கு மேல வளராது."

"வளராத குதிரைய என்னத்துக்குடா படைச்சிரிக்கான்" என்று கேட்டுவிட்டு உள்ளே போய், தவிட்டுக் கஞ்சியோடு திரும்பி வந்தார். சீதேவி என்று பெயர் வைத்ததும் அவர்தான். மாலையில் சதீசன் அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோவான். சின்னப் பிள்ளைகள் ஏறிச் சுற்றுவார்கள். பிறந்தநாள் வீடுகளில் படம் பிடிக்கவும் கூப்பிடுவார்கள். அது வயிற்றில் சுமையோடு வந்தது என்பது யாருக்கும் தெரியாது. பிந்தி வயிறு பெருத்தபோதும் கடற்கரையில் பிள்ளைகள் கொடுக்கும் கடலையும் சோளமும்தான் காரணம் என்று நினைத்தார்கள்.

ஒரு விடியற்காலை குதிரைக் கொட்டிலில் நாலு காலில் நிற்கத் தெரியாமல் ஒரு நனைந்த குட்டி தள்ளாடியது. "டேய், எழும்பு. உன்ட குதிர புள்ள பெத்திட்டு" என்று சதீசனை எழுப்பிய கண்ணகை அக்கா, அடுத்த வேலையாக அடுப்பில் வெந்நீர் வைத்தார். அவருக்குத் தெரிந்தது அதுதானே. என் மகளுக்குப் பிள்ளை பிறந்த அதே வாரம். காலையில் எங்கள் வீடு, மத்தியானம் குதிரைக் கொட்டில் என்று இரண்டு இடத்திலும் பத்தியம் நடந்தது. "ரெண்டு புள்ளப்பெத்தவளையும் ஒண்டாப் பாக்கன்" என்று எங்கள் குசினி அடுப்படியில் நின்று சொல்லிச் சிரித்தார். நிருஷாவும் சிரித்தாள்.

கொட்டில் வாசலில் சாக்குப் படங்கு தொங்கியது. சீதேவியின் கழுத்தில் கறுப்புக் கயிறு. வாவிக் கரைப் பச்சைப் புல் குளிர்ச்சி, குட்டிக்குச் சளி கட்டும் என்று அடியோடு நிறுத்திவிட்டார். காய்ந்த வைக்கோல் கொஞ்சம், மில் தவிடு கொஞ்சம், தவிட்டுக்குள் ஒரு காய உருண்டை. தண்ணீர் வெதுவெதுப்பாக, கிண்ணத்தால். கடற்கரைக்குக் கொண்டுபோகச் சதீசன் கேட்டபோது, "புள்ளப்பெத்தவள வேலைக்கு விடுறதா" என்று வாயை அடைத்துவிட்டார். குட்டி நாள் முழுக்க மடியை முட்டிக் குடித்துக் கொழுகொழுவென்று ஆனது. தாயின் விலா எலும்புகளை எண்ணலாம் போல இருந்தது. பால் கொடுக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார். எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். கண்ணகை அக்கா என் பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சதீசன் வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான்.

"சின்னம்மா, சீதேவி விழுந்திட்டு. வாய் பூட்டிட்டு."

குழந்தையை வதனியிடம் கொடுத்துவிட்டு எண்ணெய்க் கையோடு எழும்பினார். நான் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். சீதேவி கொட்டிலில் பக்கவாட்டில் கிடந்தது. நாலு காலும் கம்பு போல விறைத்திருந்தன. உடம்பு முழுக்க வியர்வை. முகத்துச் சதை தானாகத் துடித்தது. வயிற்றின் பக்கம், உள்ளேயிருந்து யாரோ இடிப்பதைப் போல, விக்கலுக்குத் துள்ளுவதைப் போல, அடித்துக்கொண்டே இருந்தது. குட்டி ஒன்றும் விளங்காமல், கிடந்த தாயின் மடியைத் தேடி முட்டியது.

வேலிக்கு அப்பால் நின்றவர்கள் பாம்பு என்றார்கள், துரு ஆணி குத்தி ஏற்பு என்றார்கள், கண்ணூறு என்றார்கள். கண்ணகை அக்கா யாரையும் கேட்கவில்லை. சதீசனைத்தான் பார்த்தார்.

"பத்தியம் தப்பியிரிக்கி. நீ எங்கயும் கொண்டு போனயா? ஆரும் பச்ச குடுத்தாங்களா?"

"சத்தியமா இல்ல சின்னம்மா."

நான் கால்நடை வைத்தியருக்குப் போன் எடுத்தேன். டொக்டர் நுஸ்ரா ஏறாவூர்ப் பெண். இளம் வயது. ஸ்கூட்டியில் வந்து இறங்கி, சீதேவியின் பக்கத்தில் முழங்காலில் அமர்ந்து, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். விலா அடிப்பதைக் கையை வைத்துப் பார்த்தார். பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"என்ன தீன் குடுக்கிறீங்க?"

கண்ணகை அக்கா நிமிர்ந்து நின்று சொன்னார். "ஒரு பச்சையும் குடுக்கயில்ல டொக்டர். வைக்கல், தவிடு, காயம். தண்ணி கிண்ணத்தால, அதுகும் சுடுதண்ணி. நான்தான் பாத்தன். ஒண்டும் தப்பயில்ல."

டொக்டர் சீதேவியின் கழுத்தைத் தடவி நரம்பைத் தேடினார். பெட்டியைத் திறந்து போத்தலை எடுத்தார். மருந்தைக் கலந்து, கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, குழாயைப் பொருத்தினார்.

"கல்சியம் குறைஞ்சி போச்சி அக்கா. சுண்ணாம்புச் சத்து. அதுதான் இப்பிடி இழுக்குது. இத மெதுவாத்தான் ஏத்தணும், கெதியா விட்டா நெஞ்சு நிண்டிரும். தப்புமா எண்டு இப்ப சொல்ல ஏலாது. இந்தப் போத்தல ஆராவது உசத்திப் பிடிங்க."

கண்ணகை அக்கா வாங்கிப் பிடித்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"குட்டிக்குப் பால் எங்கேருந்து வருது?" டொக்டர் குரலை உயர்த்தாமல் பேசினார். கண் முழுக்கக் குழாயில் இறங்கும் துளியில் இருந்தது. "தாய் தின்னுறதில இருந்து வரணும். தின்ன இல்லாட்டி தன்ட ரத்தத்திலயும் எலும்பிலயும் இருந்து எடுத்துத்தான் குடுக்கும். குடுக்காம நிப்பாட்ட அதுக்குத் தெரியாது. தவிட்டில இந்தச் சத்து இல்ல, இருக்கிறதயும் உடம்பில சேர விடாது. அதோட இந்தச் சின்னச் சாதி பட்டினி தாங்கவே தாங்காது."

"பத்தியம் பட்டினி இல்ல டொக்டர்."

"ஓம் அக்கா" என்றார் டொக்டர். "போத்தலக் கொஞ்சம் உசத்துங்க."

அவர் மறுபடி குழலைக் காதில் மாட்டிக்கொண்டு சீதேவியின் நெஞ்சைக் கேட்கத் தொடங்கினார். துளி துளியாக இறங்கியது. கை மாற்றிப் பிடிக்கச் சதீசன் வந்தான். கண்ணகை அக்கா கொடுக்கவில்லை.  எண்ணெய் பட்ட போத்தல் வழுக்கிவிடாமல் மற்றக் கையால் சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்தார். குட்டி என் முதுகை முட்டியது. இந்தத் தாயும் போய்விட்டால் இதை இவர்தான் தோளில் போட்டுக்கொள்ள வேண்டிவரும் என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும், குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட அக்காவும் இப்பிடித்தான் விறைச்சவ" என்றார். என்னிடம்தான். டொக்டரின் காதில் குழல் இருந்தது. "பள்ளிக்கூடத்தில ஆக்கள் பருப்பும் சோறும் கொண்டுவந்து குடுத்தாங்க. அம்மா வேணாம் எண்டிட்டா. பத்தியம் எண்டா. அக்கா தண்ணி கேட்டவ. தண்ணி, தண்ணி எண்டு ராவு முழுக்கக் கேட்டவ. செம்ப நான்தான் ஒளிச்சி வெச்சிரிந்தன். அம்மா சொன்னவ எண்டு."

 அந்த அக்கா எதனால் இறந்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. காய்ச்சலாக இருக்கலாம், இரத்தப்போக்காக இருக்கலாம், வைத்தியர் இல்லாத காலம். அதைச் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. இத்தனை வருடமாக வீடு வீடாகச் சொன்ன கதையில் இல்லாத செம்பு ஒன்று அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அந்த மெலிந்த கை போத்தலை மேலே தூக்கியபடியே நின்றது.

போத்தல் பாதிக்குக் கீழே இறங்கியபோது முகத் துடிப்பு நின்றது. விலா அடிப்பதும் மெல்ல மெல்ல அடங்கியது. பிறகு சீதேவியின் தாடை தளர்ந்து, நாக்கு வெளியே வந்து என் விரலை நக்கியது. டொக்டர் குழலைக் கழற்றினார்.

"இப்ப பயமில்ல. ஆனா இன்னொரு தரம் வரலாம், ரெண்டு நாளைக்கு நான் வந்து பாக்கன். பசும்புல் குடுங்க. முருங்கை இலை குடுங்க. தண்ணி வாளியில வைங்க, எவ்வளவு குடிக்குதோ குடிக்கட்டும்."

சதீசன் சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். முப்பது வயது தாண்டியவன். அவர் சொல்லாமல் ஒரு புல்லும் பிடுங்கிப் பழகாதவன்.

"என்ன பாக்காய். போய் பச்ச வெட்டிட்டு வா" என்றார் கண்ணகை அக்கா.

டொக்டர் ஸ்கூட்டியில் ஏறும்போது கண்ணகை அக்கா பின்னால் போய் நின்றார். "டொக்டர், புள்ளப்பெத்த ஆக்களுக்குக் குடுக்கிற வெள்ளக் குளிச. அதுகும் இதானா?"

"இதேதான் அக்கா."

கேட்டவர் தலையை ஆட்டினார். டொக்டர் ஒழுங்கையைத் தாண்டிப் போன பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். சீதேவி எழும்பி நின்று குட்டிக்கு மடி கொடுத்ததைப் பார்க்கச் சதீசன் கூப்பிட்டபோதுதான் திரும்பினார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வெந்நீர் ஆறியது. இனி வரமாட்டார் என்று வதனி சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நான்தான் போய்க் கூட்டிவர வேண்டுமோ என்று சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது படலை கிறீச்சிட்டது. முகம் ஒரே இரவில் வற்றியிருந்தது. செருப்பைப் படியில் கழற்றினார், கால் கழுவினார், யாரையும் பார்க்காமல் அறைக்குள் போனார். வழக்கப்படி நிருஷா தலையைத் தூக்கிக் கொடுத்தாள்.

பன்பைக்குள் போன கை ஒரு காகித உறையோடு வந்தது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்தார். குடும்பநல மாதுவின் கையெழுத்தோடு, கசங்கி, மஞ்சள் விரல் தடம் பட்ட அதே உறை. நிருஷா எடுத்துப் பார்த்தாள். ஒரு குளிசையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, தண்ணீருக்காக அந்தச் சின்னக் கிண்ணத்தைத் தேடினாள்.

கண்ணகை அக்கா எக்கி, அலுமாரிக்கு மேலிருந்த செம்பை இறக்கினார். குசினிக்குப் போய் அதை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்தார். நிருஷா இரண்டு மிடறு குடித்துவிட்டுப் பழக்கத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள்.  செம்பு அவள் வாயைவிட்டு இறங்கிவிடாமல், முழுவதும் குடித்து முடியும் வரை, அதன் அடியைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.